பெட்ரோல் முள் இறங்கிய காலைகள்

எங்கள் முதல் காரின் நிறம் வெள்ளை. எங்களிடம் வருவதற்கு முன்பே அது இரண்டு முதலாளிகளைப் பார்த்துவிட்டது. உட்கார்ந்தால் முதுகில் ஸ்பிரிங் உறுத்தும். பின் கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். இருந்தும் அந்தக் காரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதன் வாசனைதான். பெட்ரோலும், ஈரச் சாக்கும், அன்றைக்குப் பறித்த காப்பிப் பழத்தின் புளிப்பும் கலந்த வாசனை. ஆரஞ்சுக் காலத்தில் ஆரஞ்சுத் தோலும் அதில் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கார்களில் ஏறி இறங்கிவிட்டேன். எதிலும் அந்த வாசனை இல்லை.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருந்தது. எஸ்டேட் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய அளவு. ஆனால் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், நாங்களும் மறுக்கவில்லை. என் கணவர் சேலத்தில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தினார். சனிக்கிழமை பஸ்ஸில் மேலே வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவார். மற்ற நாட்களில் தோட்டம், ஆட்கள், கார் எல்லாம் என் பொறுப்பு. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பொறுப்பு வந்தால் அதோடு கோபமும் வந்தே ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரை ஓட்டியவர் வாழவந்திக்காரர். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே இருக்கும் குடும்பம். சாமையும் ராகியும் போடுகிற ஒரு துண்டு நிலம், நாலு பலா மரம், கொஞ்சம் காப்பிச் செடி அவருக்கு உண்டு. காலையில் நிலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏழு மணிக்கு நடந்து வந்துவிடுவார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். நான் டிரைவரண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னை அம்மா என்பார். அதிகம் பேச மாட்டார். காரோடு மட்டும் பேசுவார். ஏற்றத்தில் திணறினால், "ஏறு சாமி, இன்னும் ஒரே வளைவுதான்" என்று தட்டிக்கொடுப்பார். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் அது ஏறிவிடும்.

மலையில் கார் வைத்திருந்தவர்களுக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. யாரும் செல்ஃப் அடிக்க மாட்டார்கள். சாவியைத் திருகி மோட்டாரைச் சுற்றவிட்டு வண்டி கிளப்புவது சமவெளிக்காரர்களின் ஊதாரித்தனம். எங்கள் ஊரில் எந்த வாசலும் சமமாக இருக்காது. காரை மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம். கிளம்பும்போது கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் ஒரு குலுக்குக் குலுக்கி என்ஜின் பிடித்துக்கொள்ளும். சேலத்துக்கு இறங்கும்போது இன்னொரு சிக்கனம். என்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் பாதி மலையை உருண்டே இறங்குவார்கள். இதெல்லாம் எவ்வளவு ஆபத்து என்று இப்போது தெரிகிறது. அப்போது அது திறமை. எங்கள் டிரைவரண்ணா செல்ஃபைத் தொட்டு ஒரு வருஷம் ஆயிற்று என்று பஜாரில் பெருமையாகச் சொல்லுவார். கேட்கிறவர்களும் அதை ஒரு சாதனையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் பனிமூட்டம் வந்து உட்கார்ந்தது, எழுந்து போகவே இல்லை. பகல் பதினொரு மணிக்கும் ஹெட்லைட் போட வேண்டும். வைப்பர் நிற்காமல் ஆட வேண்டும். இரண்டாவது கியரில் ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டும். எனக்கு அந்தப் பயணங்கள் பிடிக்கும். கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சில்வர் ஓக் மரம் ஒன்று திடீரென்று பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போகும். உலகத்தில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காரும் மட்டும் இருப்பது மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு பகலில்தான் டேஷ்போர்டில் பிரேக் விளக்கு லேசாக எரிவதைப் பார்த்தேன். முழுச் சிவப்பு இல்லை, அணையப் போகிற தணல் மாதிரி ஒரு சிவப்பு. மலைப்பாதையில் பிரேக் விளக்கு எரிந்தால் யார் சும்மா இருப்பார்கள்? நேரே ஏற்காடு பஜாரில் இருந்த மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் பிரேக் ஆயிலை மாற்றினார், பிரேக் குழாயில் அடைத்த காற்றை எடுத்தார், ஒன்றும் கோளாறில்லை என்று கொடுத்தார். நாலே நாளில் மறுபடி அதே விளக்கு. கூடவே ஆயில் விளக்கும் மினுங்கியது. என்ஜின் ஆயிலையும் மாற்றினோம். அப்புறமும் மினுங்கியது. மூன்றாவது தடவை மெக்கானிக், "விளக்குதானுங்கம்மா கெட்டுப் போச்சு, வண்டி நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி இரண்டின் மேலும் கறுப்பு டேப்பை ஒட்டி அனுப்பிவிட்டார். நாங்களும் நிம்மதியாக வந்தோம்.

பேட்டரிக்கென்று டேஷ்போர்டில் தனியாக ஒரு விளக்கு உண்டு. அது மட்டும் ஒழுங்காக இருந்தது. வண்டி கிளம்பியதும் சமர்த்தாக அணைந்துவிடும். அதனால் பேட்டரியை யாரும் நினைக்கவே இல்லை.

அதற்கடுத்துத்தான் பெட்ரோல் முள்.

சாயங்காலம் அவர் காரைக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்தும்போது நான் எட்டிப் பார்ப்பது வழக்கம். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். முள் பாதியில் இருக்கும். ஒருநாள் அதிகாலையில் காருக்குள் விட்டிருந்த குடையை எடுக்கப் போனேன். இருட்டாக இருந்ததால் சாவியைத் திருகி விளக்கைப் போட்டேன். முள் கால் டேங்குக்குக் கீழே கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். விரலால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். அது அங்கேயே கிடந்தது. நேற்றுப் பாதி. இன்றைக்குக் கால். இரவில் கார் எங்கும் போகவில்லை.

அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையும் போய்ப் பார்த்தேன். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு சாயங்காலமும் முள் மேலே, ஒவ்வொரு காலையும் கீழே. கார்ச் சாவியும் கொட்டகைச் சாவியும் என்னிடம் ஒரு ஜோடி, இன்னொரு ஜோடி அவரிடம். வாழவந்தியில் அவர் வீட்டு ஆணியில் தொங்கும். பெட்ரோல் மூடிக்குப் பூட்டு இல்லை. எனக்கு வேறென்ன தோன்றும்?

சேலத்திலிருந்து பூட்டு வைத்த மூடி வாங்கி வரச் சொன்னேன். அதன் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அடுத்த நாள் காலையிலும் முள் இறங்கித்தான் இருந்தது. சரி, ஆள் கைகாரர், கீழே டியூபைக் கழற்றி எடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒருநாள் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பச் சொன்னேன். முள் காட்டிய குறைக்குப் பாதிகூடப் பிடிக்கவில்லை, வாய்வரை வந்துவிட்டது. அப்போதாவது யோசித்திருக்கலாம். நானோ, பங்க்காரரும் கூட்டு என்று எண்ணிக்கொண்டேன். சாயங்காலம் முள் ஏறியிருப்பதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்: பயந்துபோய்ப் பகலில் கொஞ்சம் திருப்பி ஊற்றிவிடுகிறாராம். காலையில் சாவியை மட்டும் திருகிப் பார்க்கிறோம், சாயங்காலம் ஓடும் வண்டியில் பார்க்கிறோம், இரண்டும் வேறு வேறு நிலைமை என்று எனக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை வந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் எதையும் அவசரப்பட்டுச் சொல்லாத மனிதர். சட்டையைக் கூடக் கழற்றவில்லை, நின்றபடியே கேட்டுவிட்டு, "அவரையே கேட்டுப் பாரேன். தனியாக் கூப்பிட்டு" என்றார்.

அந்தத் 'தனியாக' என்ற வார்த்தையை நான் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

காப்பிப் பழம் பறிக்கிற காலம் அது. காலை ஏழரைக்கு ஆட்கள் எல்லாரும் களத்தில் கூடிவிடுவார்கள். யார் எந்தப் பக்கம் பறிப்பது என்று பிரித்து அனுப்புவேன். முப்பது பேர் இருப்பார்கள். அன்றைக்குக் காலையில் முள்ளைப் பார்த்துவிட்டு நேராகக் களத்துக்கு வந்தேன். அவர் ஒரு துணியால் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டிரைவரண்ணா, நேத்து சாயங்காலம் பெட்ரோல் பாதி இருந்துச்சு. இப்பக் கால்தான் இருக்கு. ராத்திரி வண்டி எங்க போச்சு?"

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"வண்டி எங்கயும் போகலைங்கம்மா."

"அப்பப் பெட்ரோல் எங்க போச்சு?"

"நான் எடுக்கலைங்க."

"நீங்களும் எடுக்கலை, வண்டியும் போகலை. பெட்ரோலுக்குக் காலு முளைச்சு அதுவா நடந்து போயிடுச்சாக்கும்?"

களத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருவர் சிரித்ததும் நாலு பேர் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் சிரிக்கத்தக்க மாதிரிதான் சொன்னேன். அவர் ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்தார். அந்த முப்பது பேரில் பாதிப் பேர் வாழவந்திக்காரர்கள். அவருக்குச் சொந்தம், பங்காளி, சம்பந்தி முறை. தன் ஊர்க்காரர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார் அவர். இன்னும் ஏதாவது சொல்லுவார், சண்டை போடுவார், சாமி மேல் சத்தியம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. துணியை நாலாக மடித்துக் காரின் மேல் வைத்தார். அதன் மேல் கார்ச் சாவியையும் கொட்டகைச் சாவியையும் வைத்தார்.

"வாறனுங்கம்மா" என்றார். போய்விட்டார்.

பேசாமல் போனதையே நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். தப்புச் செய்யாதவன் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு போவானா என்று என் கணவரிடம் வாதாடினேன். அவர், "ஆறு வருஷமா இருந்தவரும்மா" என்று மட்டும் சொன்னார். ஊரில் செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. டிரைவர் பெட்ரோல் திருடி மாட்டிக்கொண்டார் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். வேறு எந்த எஸ்டேட்டிலும் அவரை வண்டி ஓட்டக் கூப்பிடவில்லை என்று பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் என்னிடமே சொன்னார். நான் திருப்தியாக இருப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் போன மறுநாள் காலையிலும் முள் இறங்கியிருந்தது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சாவி எல்லாம் என்னிடம். கொட்டகைக்குப் புதுப் பூட்டு. முள்ளைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு, கள்ளச் சாவி போட்டு வைத்திருக்கிறார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு இறங்கினேன். சமாதானம் முழுசாக ஆகவில்லை. அன்றிலிருந்து காலையில் போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் நானே ஓட்டினேன். கணவர் எப்போதோ கற்றுக்கொடுத்திருந்தார். கல்லை எடுப்பேன், ஓடிப்போய் ஏறுவேன், உருட்டிக் கிளப்புவேன். நானும் மலைக்காரிதானே, செல்ஃபைத் தொடவில்லை.

நாலாவது வாரம் சாக்கு வாங்கச் சேலம் போக வேண்டியிருந்தது. குப்பனூர் பாதையில் இறங்கினேன். அந்தப் பாதை அப்போது கரடுமுரடாக இருக்கும். ஒரு வளைவு திரும்பினால் கீழே வயல்களும் தென்னைகளும் வெயிலில் விரிந்து கிடக்கும். ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். பாதி வழி என்ஜினை நிறுத்திவிட்டே இறங்கினேன். பிறகு சேலத்துக்குப் போய்ச் சாக்குக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். திரும்பி வந்து சக்கரத்தடியில் கல்லைத் தேடிக் குனிந்த பிறகுதான் கவனித்தேன். தெரு பலகை மாதிரி சமமாக இருந்தது.

அந்தக் காரில் முதல் தடவையாக நான் செல்ஃப் அடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு தரம். மறுபடி 'டக்'. சாக்குக் கடை ஆட்கள் இரண்டு பேர் தள்ளிப் பார்த்தார்கள், மூச்சு வாங்கி நின்றார்கள். நாலு கடை தள்ளி ஒரு பேட்டரிக் கடை இருந்தது. அங்கிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, முன்மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பேட்டரிக்குள் விட்டுத் தண்ணீரை உறிஞ்சிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இது செத்து நாலஞ்சு மாசம் ஆயிருக்குமுங்க. இதை வெச்சு எப்படி ஓட்டுனீங்க?"

"உருட்டித்தான். மலையில."

"அதான பார்த்தேன். மலை வண்டின்னா பேட்டரி செத்தாலும் ஓனருக்குத் தெரியாதுங்க. அதுலயும் என்ஜினை ஆப் பண்ணிட்டு லைட்டை மட்டும் போட்டுக்கிட்டு உருட்டுவீங்க. சார்ஜே ஏறாது. டேஷ்போர்டுல லைட்டெல்லாம் கண்டபடி எரிஞ்சிருக்கணுமே?"

கறுப்பு டேப்பைக் காட்டினேன். சிரித்தார். ஒரு வாடகைப் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, "சாவியைத் திருப்புங்க, செல்ஃப் அடிக்க வேண்டாம்" என்றார்.

திருப்பினேன். பெட்ரோல் முள் எழுந்தது. கால் டேங்கைத் தாண்டி, பாதியைத் தாண்டி நின்றது. என்ஜின் ஓடவில்லை. யாரும் பெட்ரோல் ஊற்றவில்லை.

"இந்த முள்ளு..." என்றேன்.

"முள்ளு எந்திரிக்கறதுக்கும் கரண்டு வேணுமுங்கக்கா. பேட்டரி வீக்கா இருந்தா டேங்க் புல்லா இருந்தாலும் கீழதான் கிடக்கும். வண்டி ஓடறப்ப டைனமோ கரண்டு குடுக்கும், சரியாக் காட்டும். நொம்பப் பேரு பெட்ரோல் ஒழுகுதுன்னு வருவாங்க."

பழைய பேட்டரியை ஒரு நிமிஷம் திரும்ப மாட்டிக் காட்டச் சொன்னேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. ஆனாலும் மாட்டினார். சாவியைத் திருகி, அந்தக் காலைகளில் செய்தது போலவே விளக்கையும் போட்டேன். முள் பாதியிலிருந்து மெல்லச் சரிந்து காலுக்குக் கீழே போய்ப் படுத்தது. நடுப்பகல் வெயிலில், என் கண் முன்னால், கால் டேங்க் பெட்ரோல் காணாமல் போனது. களத்தில் எழுந்த அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

வாடகைப் பேட்டரியையே மறுபடி மாட்டச் சொல்லி, சாக்கை ஏற்றிக்கொண்டு நேராக வாழவந்திக்குத்தான் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். அவர் வீட்டு முற்றத்தில் காப்பிக் கொட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். அவர் மனைவிதான் முதலில் பார்த்தார். முகத்தில் ஒரு கடுமையும் இல்லை. "வாங்கம்மா, உள்ள வாங்க. ஊட்டுலதான் இருக்காரு" என்றார். அவர் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை, ஒரு பழைய பனியன். மூன்று வாரத்தில் மெலிந்திருந்தார்.

பாடம் ஒப்பிக்கிற மாதிரி கடகடவென்று சொன்னேன். பேட்டரி, செல்ஃப், முள், டைனமோ, வாடகைப் பேட்டரி எல்லாம். அவர் வண்டிக்காரர் அல்லவா, தன் கஷ்டத்தை மறந்து அந்தக் கோளாறையே கவனமாகக் கேட்டார்.

"விளக்கு எரிஞ்சதும் அதனாலதானுங்களா?"

"அதனாலதான்."

"நான் ஒரு தரம் செல்ஃப் அடிச்சுப் பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்களே" என்றார். "அடிக்கறதில்லைன்னு பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன்."

காயும் கொட்டையைக் காலால் ஒரு தரம் கிளறிவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, என்ற தம்பியும் எடுக்கலைங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் மனைவிதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். அவருடைய தம்பி குடும்பம் அதே வீட்டில்தான் இருந்தது. அந்த மழைக்காலத்தில் தம்பி ஒரு பழைய மோட்டார்பைக் வாங்கியிருந்தார். காலையில் முள் இறங்கிக் கிடப்பதை டிரைவரண்ணாவும் பார்த்திருக்கிறார், நான் பார்ப்பதற்கு முன்பே. தான் எடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். கொட்டகைச் சாவி வீட்டு ஆணியில். வீட்டில் புது பைக். நான் போட்ட கணக்கையேதான் அவரும் போட்டிருக்கிறார். தம்பியைக் கேட்டிருக்கிறார். தம்பி இல்லை என்றிருக்கிறார். நம்பவில்லை. வார்த்தை தடித்து, கைகலப்பாகி, தம்பி தன் பெண்டாட்டி பிள்ளையோடு குப்பனூரில் இருந்த மாமியார் வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டார். அது நடந்து ஐந்தாம் நாள்தான் நான் களத்தில் கேட்டது. தன் வீட்டுத் திருட்டு என்று நம்பிக்கொண்டிருந்ததால்தான் அவர் எதிர்த்துப் பேசவில்லை. தம்பி பேரைச் சொல்லாமல் அவமானத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

"நீங்களே வந்து அவங்கிட்டச் சொல்லுங்கம்மா" என்றார். "நான் சொன்னா இனி நம்ப மாட்டான்."

நான் ஓட்டினேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். குப்பனூர் பாதையில் அன்றைக்கு இரண்டாவது தடவை இறங்கினேன். பழக்க தோஷத்தில் கை நியூட்ரலுக்குப் போனது. "கியர்லயே போங்கம்மா" என்றார். இரண்டாவது கியரைப் போட்டேன்.

தம்பி தன் மாமனாரின் கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் நிமிர்ந்தார், ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. நாங்கள் இருவரும்தான் வரப்பில் இறங்கிப் போனோம். மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, செல்ஃப், முள், டைனமோ. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு அண்ணனிடம் சொன்னார்:

"ஏண்ணா, பொறந்ததுலருந்து உங்கூட இருக்கறவன் நானு. எடுக்கலைன்னு சொன்னேன். நம்பலை நீ. ஆறு வருசம் ஓட்டுன வண்டில ஒரு முள்ளு சொன்னதை நம்புன."

டிரைவரண்ணாவின் தலை தொங்கிப்போனது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தன்னைவிடப் பத்து வயது இளையவரிடம், ஈரமண்ணில் நின்றுகொண்டு, என் முன்னாலேயே சொன்னார்:

"நம்பிட்டேன் சாமி. என்ற தப்புத்தான். மன்னிச்சுக்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழவந்தியில் ஒரு தடவை, இங்கே ஒரு தடவை, பேட்டரியைப் பற்றி ஒன்று விடாமல் இரண்டு தடவை சொல்லி முடித்திருந்தேன். இந்த வார்த்தையை மட்டும் நான் டிரைவரண்ணாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.